கல்லின் கதை – 9: சேணத்தில் ஐந்து மணி நேரம்

பெல்ஜியத்து மன்னர் முதலாம் லெயோபோல்டின் மூத்திரப்பையில் இருந்த கல்லை, பேர்போன வைத்தியர்கள் முயன்று முடியாமல் விட்ட பிறகு, 1863இல் லண்டன்காரர் ஹென்றி தாம்ஸன் நொறுக்கி முடித்ததோடு சென்ற வாரம் நிறுத்தினோம். அந்த ஒரு வெற்றி தாம்ஸனை எங்கோ கொண்டுபோய்விட்டது. 1867இல் சர் பட்டமும் வந்தது. அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில் அவர் மிக அவசரமாகத் தேவைப்பட்ட அரண்மனை ஒன்று உண்டு. அங்கிருந்து மட்டும் ஆள் வரவில்லை.

ஏன் வரவில்லை?

1870 ஜூலை 1. பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் உடம்பைப் பற்றிப் பேச ஐந்து வைத்தியர்கள் கூடினார்கள். ஒவ்வொருவரும் மலை. நெலாதோன், எட்டு வருஷத்துக்கு முன் இத்தாலியின் கரிபால்டி கணுக்காலில் குண்டு தங்கியிருக்கிறதா இல்லையா என்று வைத்திய உலகம் பட்டிமன்றம் நடத்தியபோது, நுனியில் பீங்கான் பதித்த கம்பி ஒன்றைச் செய்துகொடுத்தவர். புண்ணுக்குள் விட்டு எடுத்த அந்தக் கம்பியின் வெள்ளை நுனியில் ஈயக் கறை இருந்தது, தகராறு தீர்ந்தது. அடுத்தவர் ரிக்கோர். வெட்டை நோயும் மேகப்புண்ணும் ஒன்றே என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அவை வெவ்வேறு என்று நிறுவிக் காட்டியவர். இவர்களோடு ஃபோவெல், கோர்விஸார். ஐந்தாவதாக ஜெர்மேன் ஸே.

நோயாளிக்கு அப்போது வயது 62. தொந்தரவு புதிதல்ல. ஐந்து வருஷத்துக்கு முன்பே, 1865இல், ஷாலோன் ராணுவ முகாமில் இருந்தபோது, இப்போலித் லாரே என்ற ராணுவ வைத்தியர் இது கல்லாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். பெரிய நெப்போலியனின் படையில் பேர் வாங்கிய லாரேயின் மகன்தான் இவர். சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிட்டது. நீர்க்கடுப்பு வரும், போகும். சிறுநீரில் ரத்தம் தெரியும், பிறகு தெளியும். குதிரை ஏறினால் வலி உயிரைப் பிடுங்கும். வண்டி குலுங்கினாலும் அப்படித்தான்.

ஸே பரிசோதித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: சிறுநீரில் சீழ் இருக்கிறது, மூத்திரப்பை அழன்று கிடக்கிறது, காரணம் உள்ளே இருக்கும் கல். உறுதிப்படுத்த ஒரே வழி, கம்பி விட்டுப் பார்ப்பது.

கம்பி விட்டுப் பார்ப்பது என்றால் என்னவென்று இந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எக்ஸ்ரே வர இன்னும் 25 வருஷம் இருந்தது. நுனி வளைந்த மெல்லிய எஃகுக் கம்பியை எண்ணெய் தடவி, சிறுநீர் வெளிவரும் துவாரம் வழியாகவே உள்ளே செலுத்துவார்கள். கம்பி மூத்திரப்பைக்குள் போனதும் வைத்தியர் அதை மெல்ல இப்படியும் அப்படியும் திருப்புவார். அறையில் யாரும் மூச்சு விடக் கூடாது. கல் இருந்தால் எஃகு அதில் பட்டு ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். கைக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். அந்த ‘டிக்’தான் அன்றைக்கு ஸ்கேன் ரிப்போர்ட்.

ஸே கேட்டது அந்த ஒரு சத்தத்தை. மற்றவர்கள் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். பேரரசருக்கு இந்த வாரம் வலி குறைந்திருக்கிறதே, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று தள்ளிப்போட்டார்கள்.

அவர்களை வெறும் கோழைகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. முந்தைய வருஷம், 1869 ஆகஸ்டில், பிரான்ஸின் யுத்த மந்திரி மார்ஷல் நியெல் இதே கல்லுக்காகக் கத்தி வைக்கப்போய் இறந்திருந்தார். அந்தச் சாவு அந்த அறையில் ஆறாவது ஆளாக உட்கார்ந்திருக்கும். மந்திரி போனால் வேறு மந்திரி வருவார். பேரரசர் போனால்? சரித்திரத்தில் தன் பெயர் எப்படி நிற்கும் என்று நினைத்துப் பார்க்காத வைத்தியன் அந்த அறையில் இருந்திருக்க முடியாது.

ஜூலை 3 தேதியிட்டு ஸே தன் அறிக்கையை எழுதினார். அதில் கீழே ஒரே ஒரு கையெழுத்து. அவருடையது. அறிக்கை போய்ச் சேர்ந்தது கொன்னோவின் கையில்.

இந்தக் கொன்னோ யார் என்று தெரிந்தால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். 24 வருஷத்துக்கு முன் இதே நெப்போலியன் வெறும் லூயி நெப்போலியனாக, ஆட்சியைக் கவிழ்க்க முயன்ற குற்றத்துக்காக ஹாம் கோட்டையில் ஆயுள் கைதியாக இருந்தார். 1846 மே 25 காலை, மீசையை மழித்துவிட்டு, கட்டட வேலையாள் உடையில், தோளில் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு காவலர்கள் கண்ணெதிரே நடந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு முழுக்க அவர் அறையில் இருந்து சமாளித்தவர் இந்தக் கொன்னோதான். கட்டிலில் ஒரு பொம்மையைப் போர்த்திப் படுக்க வைத்து, ‘இளவரசருக்கு உடம்பு சரியில்லை, பேதிக்குக் கொடுத்திருக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று கோட்டை அதிகாரியை வாசலோடு அனுப்பிக்கொண்டே இருந்தார். அதற்காகச் சிறைக்கும் போனார்.

நல்ல உடம்பை நோய் என்று சொல்லித் தலைவனைக் காப்பாற்றிய அதே மனிதர் கையில், நோயை நோய் என்று சொல்லும் காகிதம் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. அதை அவர் என்ன செய்தார்?

பேரரசி யூஜெனி கடைசிவரை சாதித்த வார்த்தை ஒன்றுதான்: அப்படி ஓர் அறிக்கையை என் கண்ணில் யாரும் காட்டவில்லை. காட்டினார்கள், அவள்தான் மறைத்தாள் என்று சொன்ன எதிரிகளும் உண்டு. எப்படியோ, மந்திரிசபைக்கு அது போகவில்லை. பதினாறே நாளில், ஜூலை 19 அன்று, பிரான்ஸ் பிரஷ்யாவின் மீது போர் அறிவித்தது. உள்ளே சீழும் கல்லுமாக இருக்கும் மனிதர் படைக்குத் தானே தலைமை தாங்குவதாகக் கிளம்பினார். ஜூலை 28 அன்று சேன் க்ளூவிலிருந்து ரயில் ஏறியபோது 14 வயது மகனும் கூடவே போனான்.

கல்லால்தான் போர் வந்தது, கல்லால்தான் பிரான்ஸ் தோற்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிஸ்மார்க்கின் கணக்குக்கும் குருப் பீரங்கிக்கும் நெப்போலியனின் மூத்திரப்பையோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால், ஒரு விஷயத்தை மறுக்க முடியாது. வேண்டாம் என்று மேஜையைத் தட்டிச் சொல்ல வேண்டிய நேரத்தில், வலிக்கு மருந்து குடித்துக்கொண்டு சோர்ந்து உட்கார்ந்திருந்தவர்தான் பிரான்ஸின் தலைவர்.

ஆகஸ்ட் 2, சார்ப்ரூக்கன். சின்னச் சண்டை, பிரான்ஸுக்கு ஜெயம். பேரரசர் குதிரையிலிருந்து இறங்கினார். நிற்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தளபதியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வண்டிவரை நடந்தார். போர் தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

செப்டம்பர் 1, செடான். எல்லைக்கு அருகே, மியூஸ் ஆற்றங்கரையில், சுற்றிலும் மேடும் நடுவில் பள்ளமுமான ஊர். அந்த மேடுகளிலெல்லாம் ஜெர்மானியப் பீரங்கிகள் ஏறி உட்கார்ந்துகொண்டன. விடிந்து கொஞ்ச நேரத்துக்குள் பிரெஞ்சுத் தளபதி மார்ஷல் மக்மஹோன் காயம்பட்டு விழுந்தார். பேரரசர் குதிரை ஏறினார்.

கன்னத்தில் சாயம் பூசிக்கொண்டு வந்தார் என்கிறது ஒரு கதை; வெளிறிய முகத்தைப் படைவீரர்கள் பார்த்துவிடக் கூடாதாம். கால்சட்டைக்குள் துண்டு மடித்து வைத்திருந்தார் என்பது இன்னொன்று. முதலாவது அரட்டையாக இருக்கலாம். இரண்டாவதை நம்பத் தயங்க வேண்டியதில்லை. சிறுநீரை அடக்க முடியாத மனிதனுக்கு வேறு என்ன வழி? கல் தளர்ந்து உருளும் பையைச் சேணத்தின் மேல் வைத்துக்கொண்டு மனிதர் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் அந்த மேடு பள்ளத்தில் அலைந்தார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் கல் போய் மூத்திரப்பையின் வாயில் இடிக்கும். இடையிடையே இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், மறுபடி ஏறுவார். கூட வந்த அதிகாரிகள் குண்டு பட்டு அருகிலேயே விழுந்தார்கள். அவர் சாவைத் தேடித்தான் சுற்றினார் என்பது பார்த்தவர்கள் பலருடைய எண்ணம். சாவு அவரைச் சீண்டவில்லை.

பிற்பகலில் வெள்ளைக்கொடி ஏறியது. படையின் நடுவே சாகக் கொடுத்துவைக்காததால் வாளை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று பிரஷ்ய மன்னருக்குக் கடிதம் போனது. மறுநாள் சரணாகதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்கள் கைதிகள். செப்டம்பர் 4 அன்று பாரிஸில் குடியரசு பிறந்துவிட்டது. அரண்மனைக் காகிதங்களைக் குடைந்த புது ஆட்சிக்காரர்கள் கையில் ஸேயின் அறிக்கையும் சிக்கியது. சீக்கிரமே ஊருக்கே தெரிந்தது.

ஜெர்மனியில் வில்ஹெல்ம்ஸ்ஹோஹே மாளிகையில் ஆறு மாதச் சிறைவாசம். 1871 மார்ச்சில் விடுதலையாகி இங்கிலாந்து போய், கென்ட் பகுதியில் சிஸில்ஹர்ஸ்ட் கிராமத்தில் கேம்டன் ப்ளேஸ் என்ற வீட்டில் குடியேறினார். பதவி போனவரைக் கல்லும் விட்டுவிட்டுப் போயிருக்குமா? அலைச்சல் இல்லாததால் வலி கொஞ்ச நாள் ஒதுங்கி இருந்தது, அவ்வளவுதான். உள்ளே வேலை நிற்கவில்லை.

அந்த வேலை எப்படி நடக்கும் என்பது இன்றைக்கு நமக்குத் தெரியும். கல் வாயை மறித்தால் சிறுநீர் முழுக்க வெளியேறாமல் பையின் அடியில் தேங்கும். தேங்கிய நீரில் பாக்டீரியா பெருகும். சில வகைப் பாக்டீரியாக்கள் சிறுநீரின் புளிப்பை முறித்துக் காரத்தன்மையாக்கிவிடும். அப்போது நீரில் கரைந்திருந்த உப்புகள் கரைசலில் நிற்காமல் கல்லின் மேல் அடுக்கடுக்காகப் படியும். தொற்றால் கல் வளரும், கல்லால் தொற்று நிலைக்கும். பிறகு தொற்று மேலே ஏறும். மூத்திரப்பையிலிருந்து இரண்டு குழாய்கள் வழியாகச் சிறுநீரகங்களைப் போய்ச் சேரும். அங்கே சத்தமே இல்லாமல் பல மாதம் அரிக்கும். 1872இல் வைத்தியர்களுக்கு இது சரிவரத் தெரியாது. குடலில் வாழ்ந்து சிறுநீர்ப்பாதையைக் கெடுக்கும் கோலை பாக்டீரியாவை எஷெரிக் கண்டுபிடித்தது 1885இல்தான். கொல்லும் மருந்து வர 1930கள் வரை காத்திருக்க வேண்டும்.

சிஸில்ஹர்ஸ்டில் இருந்தவருக்கு வேறு கணக்கு ஓடியது. 1815இல் பெரியப்பா எல்பா தீவிலிருந்து திரும்பியதுபோல் தானும் பிரான்ஸுக்குத் திரும்ப வேண்டும். விசுவாசிகள் ரகசியமாகத் திட்டம் போட்டார்கள். சுவிட்சர்லாந்து வழியாகப் போய், லியோன் நகரத்தில் படையைத் தன் பக்கம் இழுத்து, அங்கிருந்து பாரிஸ். எல்லாம் தயார். ஒன்றே ஒன்று இடித்தது. படையின் முன்னால் போகிறவர் வண்டியில் உட்கார்ந்து போக முடியாது. பெரிய நெப்போலியனின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறவர் குதிரை மேல் வர வேண்டும்.

முடியுமா? 1872 டிசம்பரில் அவரே சோதித்துப் பார்த்தார். மகன் வுல்விச் ராணுவப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். சில மைல் தூரம்தான். குதிரை ஏறிப் போய் அவனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினார். பாதி வழிகூடத் தாங்கவில்லை. திரும்பிவிட்டார்.

அதன் பிறகுதான் ஆள் போனது, ஹென்றி தாம்ஸனுக்கு. ஷாலோன் சந்தேகத்துக்கு ஏழு வருஷம் கழித்து.

தாம்ஸனைப் பற்றி இரண்டு வார்த்தை. மூத்திரப்பைக் கல்லில் உலகத்திலேயே முதல் ஆள் என்று பேர் எடுத்தவர். ஓவியம் வரைவார், சீனத்து நீலப் பீங்கான் சேர்ப்பார். பிற்பாடு எட்டுப் பேர், எட்டு மணி, எட்டு வகைப் பதார்த்தம் என்று அவர் கொடுத்த விருந்துகள் லண்டன் முழுக்கப் பிரசித்தம். பிணத்தைப் புதைக்காமல் எரிக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் சங்கம் அமைத்தவரும் இவரேதான்.

டிசம்பர் கடைசி வாரத்தில் குளோரோஃபார்ம் கொடுத்துக் கம்பி விட்டுப் பார்த்தார்கள். மயக்க மருந்து கொடுத்தவர் ஜோஸப் க்ளோவர், அந்த வித்தையில் அன்றைய இங்கிலாந்தின் முதல் கை. தாம்ஸன் கம்பியைத் திருப்பினார்.

டிக்.

பாரிஸில் நான்கு பேர் கேட்க மறுத்த சத்தம். கல் பெரிது.

1873 ஜனவரி 2, முதல் அமர்வு. கத்தி இல்லை. பாரிஸ் வைத்தியர் சிவியால் தொடங்கி வைத்த முறைதான்: அலகு போல் இரண்டு தாடை உள்ள எஃகுக் கருவியை மூடியபடி உள்ளே விட்டு, மூத்திரப்பைக்குள் தாடையைத் திறந்து, கண்ணால் பார்க்காமல் கை உணர்ச்சியால் மட்டுமே கல்லைக் கவ்வி, வெளியே இருக்கும் திருகைத் திருகுவது. திருகு இறுக இறுகக் கல் நொறுங்கும். மூத்திரப்பையின் சதை தாடையில் சிக்கிவிடக் கூடாது, அதுதான் வித்தை. ஒரே நாளில் முடிக்கக் கூடாது என்பது அன்றைய சாஸ்திரம். சில நிமிஷம் நொறுக்கு, துண்டுகளை நோயாளி தானாகச் சிறுநீரோடு கழிக்கட்டும், சில நாள் கழித்து மறுபடி நொறுக்கு. இதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. உருண்டைக் கல் ஒன்று இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிச் சில்லாய்க் கூர் முனைத் துண்டுகள் பல; ஏற்கெனவே சீழ் பிடித்த பையை அவை கிழிக்கும்.

அதுதான் நடந்தது. துண்டு ஒன்று வெளியேறும் வழியில் சிக்கிக்கொண்டது. ஜனவரி 6, இரண்டாவது அமர்வு. அடைப்பை எடுத்து, மேலும் கொஞ்சம் நொறுக்கினார்கள். இன்னும் பாதி உள்ளே. மூன்றாவது அமர்வு 9ஆம் தேதி மதியம் என்று முடிவு.

8ஆம் தேதி இரவு தூக்கத்துக்குக் குளோரால் கொடுத்தார்கள். 9 காலை பார்த்த வைத்தியர்களுக்குத் திருப்தி. நாடி சீராக இருந்தது, மதியம் வேலையைத் தொடரலாம் என்று கருவிகளைத் தயார் செய்தார்கள். பேரரசி மகனைப் பார்க்க வுல்விச் போக வண்டி ஏறப்போனார். பத்து மணி தாண்டியதும் நாடி விழுந்தது. வண்டி நின்றது. பாதிரியாரைக் கூப்பிட ஆள் ஓடியது. கட்டிலருகில் கொன்னோ நின்றார், ஹாம் கோட்டையில் பொம்மையைப் போர்த்திய அதே கொன்னோ. போகிறவர் அரை நினைவில் அவரிடம் செடானைப் பற்றி ஏதோ கேட்டார் என்கிறார்கள். 10.45க்கு மூச்சு நின்றது. மகன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தாம்ஸன் கொன்றுவிட்டார் என்று ஒரு கட்சி. குளோரால்தான் கொன்றது என்று இன்னொரு கட்சி. ஸேயின் அறிக்கையைக் கிளறி, பாரிஸ் வைத்தியர்களைச் சந்தியில் இழுத்தது மூன்றாவது கட்சி. பிரேதப் பரிசோதனை நடந்தது. மூத்திரப்பையில் ஏறத்தாழப் பாதிக் கல் மீதி. ஆனால், அறுத்தவர்களைத் திடுக்கிட வைத்தது மேலே இருந்த சிறுநீரகங்கள். குழாய்கள் வீங்கி விரிந்திருந்தன. சிறுநீரகங்கள் உயிரோடு இருக்கும்போது யாரும் சந்தேகிக்காத அளவுக்குக் கெட்டுப்போயிருந்தன. கல் ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கிறது என்று எழுதினார்கள். இந்த உடம்போடு செடானில் ஐந்து மணி நேரம் ஒருவன் சேணத்தில் உட்கார்ந்திருந்தான் என்பதை நினைத்துத் தாம்ஸனே மலைத்துப்போனாராம்.

என் தீர்ப்பைக் கேட்டால், தாம்ஸனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். அவர் கைக்கு வந்தது ஏழு வருஷம் தாமதமான நோயாளி. ஆனால், அந்த ‘கொஞ்சம் நொறுக்கு, காத்திரு, மறுபடி நொறுக்கு’ சாஸ்திரத்தை ஏற்றுவேன். ஐந்தே வருஷத்தில், 1878இல், பாஸ்டன் நகரத்து வைத்தியர் பிகலோ அதை உடைத்தெறிந்தார். மூத்திரப்பை நாம் நினைப்பதுபோல் தொட்டால் சிணுங்கி இல்லை. உள்ளே விட்டுவைக்கும் சில்லுதான் ஆபத்து என்றார். ஒரே அமர்வில் முழுக் கல்லையும் பொடியாக்கி, அகலமான குழாயும் ரப்பர்க் குமிழும் வைத்துக் கடைசித் துண்டுவரை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். லண்டனில் முகம் சுளித்தார்கள்.

அவர்கள் சுளித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கருவி கப்பல் ஏறிவிட்டது. வந்து இறங்கிய இடம், கல்லடைப்புக்குப் பஞ்சமே இல்லாத வட இந்தியா. அங்கே சர்க்கார் வைத்தியராக இருந்த ஃப்ரேயர் என்ற அயர்லாந்துக்காரர் ஒருவரை, ஒருநாள் ராம்பூர் நவாப் அழைத்தார். நவாபின் கல்லை நொறுக்கியதற்கு வந்த கூலி ஒரு லட்சம் ரூபாய். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஊழியன் ஒரே நாளில் லட்சாதிபதி ஆனதைக் கல்கத்தாவில் இருந்த மேலதிகாரிகள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

(தொடரும்)